எந்த ஊரின் பத்திரிகை?

(கீழ்பென்னாத்தூரில் மாத இதழ் ஒன்றைத் தொடங்கும் முயற்சியில் இருக்கும் தன்னார்வலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த தோழர் போனில் சொன்னார்: "வாழ்த்தி ஒரு பத்து நிமிஷம் பேசிட்டுப் போங்க, போதும்." மன்னிக்க வேண்டும், பத்து நிமிடத்தில் முடியாது. வாழ்த்தவும் வரவில்லை. பழைய இதழ்களைப் புரட்டுவதுதான் முனைவர் பட்டத்துக்காக நான் சில வருடங்களாகச் செய்துகொண்டிருக்கும் வேலை. முதல் இதழில் பெரிய பெரிய வாக்குறுதி, கடைசி இதழில் "சந்தாதாரர்கள் பாக்கியை அனுப்பி வைக்கவும்" என்ற அறிவிப்பு. இடையில் இருக்கும் வருடங்களைத்தான் நான் படிக்கிறேன். அதனால் புதிதாக ஒரு பத்திரிகை தொடங்குகிறவர்களைப் பார்த்தால் சந்தோஷமும் பயமும் ஒன்றாகவே வருகின்றன.

நீங்கள் அச்சடித்திருக்கும் நோட்டீஸை வாங்கிப் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு விஷயம். அதில் 'ஊர்' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். பதினொரு இடம். நம்ம ஊர், ஊர் மக்கள், ஊர் நலன், ஊர்ச் செய்தி. 'காலனி' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. 'சேரி' இல்லவே இல்லை. எழுதியவர் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார். பழக்கத்தில் வந்திருக்கும். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால் "ஊருக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கடை இருப்பது அரை கிலோமீட்டரில். ஒரே ஊராட்சி, ஒரே அஞ்சல் எண், ஒரே வாக்காளர் பட்டியல். ஆனாலும் எங்களுக்கு ஊர் என்பது 'போக வேண்டிய' இடம். பிறந்து வளர்ந்து அங்கேயே சாகிறவர்கள், ஊருக்குப் போய்விட்டு வருகிறார்கள். கீழ்பென்னாத்தூரைச் சுற்றி இருக்கும் எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள், இதே சொல் இதே பொருளில் இருக்கும். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதல்வர், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, வரவேற்போம். ஆனால் காலனி என்ற சொல்லை நீக்கிவிட்டால் போதுமா? ஊர் என்ற சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எந்த அரசாணையும் தொடவில்லை. அதைத் தொடக்கூடியது உங்கள் பத்திரிகை. தொடாமல் விட்டால் அது ஊர்ப் பத்திரிகையாகவே இருக்கும், பழைய பொருளில்.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் படித்தபோது எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். ஐப்பசி மாதம், நல்ல மழை. எங்கள் சுடுகாட்டுக்குப் போகும் பாதை என்பது வரப்புதான். வரப்பு தண்ணீரில் மூழ்கிவிட்டது. தார்ச்சாலை வழியாகக் கொண்டு போகலாம் என்று எங்கள் ஆட்கள் பாடையைத் தூக்கினார்கள். தார்ச்சாலை ஊருக்குள் போகிறது. மறித்தார்கள். மூன்று மணி நேரம் பாடை நடுரோட்டில் இருந்தது. போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார். கடைசியில் இடுப்பளவு நீரில் நட்ட வயலில் இறங்கித்தான் போனோம். மறுநாள் ஒரு நாளிதழில் ஐந்து வரிச் செய்தி. இறுதி ஊர்வலத்தில் இரு தரப்பினர் வாக்குவாதம், அதிகாரிகள் பேச்சுவார்த்தை, சுமுக முடிவு. எங்கள் ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். கேட்டுவிட்டு, "செத்தவன் பேரு எங்கடா?" என்றாள். இல்லை ஆயா என்றேன். "மறிச்சவன் பேரு?" அதுவும் இல்லை. "அப்ப எதுக்குடா போட்டான்?"

இதழியல் பற்றி எத்தனையோ புத்தகங்களைப் படித்துவிட்டேன். ஆயாவின் அந்த மூன்று கேள்விகளுக்குப் பக்கத்தில் வரவில்லை.

அந்த ஐந்து வரியை எழுதியவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தாலுகா அளவில் செய்தி கொடுப்பவர்களின் நிலைமை உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு இவ்வளவு என்று ஏதோ கொஞ்சம் வரும். தீபாவளி மலருக்கும் தீபத் திருவிழா சிறப்புப் பக்கத்துக்கும் விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். விளம்பரம் தருகிறவர் யார்? அரிசி ஆலை வைத்திருப்பவர், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், ஒப்பந்ததாரர், வார்டு உறுப்பினர். சாலையை மறித்தவரின் மாமனோ மச்சானோ அந்தப் பட்டியலில் இருப்பார். செய்தி எங்கிருந்து வருகிறது? காவல் நிலையத்திலிருந்து. நிலையத்தில் எழுதியதைத்தான் நிருபர் எழுதுகிறார். 'இரு தரப்பு' என்ற சொல் அப்படிப் பிறக்கிறது. தூக்கியவனும் மறித்தவனும் அதில் ஒன்று. வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம். 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை, அதே மக்களில் மூன்று பேர் மீது. காவல்துறை சொல்வதை மட்டும் செய்தியாகப் போட்டுப் பழகிய ஒரு பத்திரிகை அந்த நாளில் வேறு என்ன செய்திருக்க முடியும்?

மேலே போனால் நிலைமை இன்னும் மோசம். 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. எடுத்துக்கொண்ட ஆங்கில, இந்தி ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த இடங்கள் 121. அதில் 106 இடங்களில் உயர்சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. தமிழ் ஊடகம் தனி, இங்கே பெரியார் பிறந்த மண் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். பெரியாரே அப்படி ஆறுதல் அடைந்துவிடவில்லை. 1925 மே மாதம் ஈரோட்டிலிருந்து குடிஅரசைத் தொடங்கினார். மதராஸ் பத்திரிகைகளை நம்பிப் பயனில்லை என்பதும், மதராஸுக்குப் போகாமலே பத்திரிகை நடத்தலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சிறிய ஊரிலிருந்து நடத்துவது குறைச்சல் என்று உங்களில் யாராவது நினைத்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிஅரசுக்கும் முன்னால் போவோம். ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலை நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். 1869 தொடங்கி 1943 வரை தமிழில் வந்த தலித் இதழ்களின் வரலாறு அது. நமக்குப் பத்திரிகை புதிது அல்ல. நடுவில் யாரோ மறக்கடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரில் ஒரு மாதப் பத்திரிகை கொண்டுவந்தார். சிறிய அளவில் நான்கு பக்கம், விலை இரண்டணா. விளம்பரம் செய்து, அச்சிட்டு வெளியிட ஆன செலவு 10 ரூபாய் என்று பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். சென்னையில் இரண்டு நாளில் சுமார் 400 பிரதிகள் விற்றன. மூன்று மாதத்தில் வாரப் பத்திரிகை ஆயிற்று. இரண்டு வருடத்தில் சொந்த அச்சுக்கூடம். 1893இல் நம் மக்களில் எத்தனை பேருக்கு எழுத்து தெரிந்திருக்கும்? இரண்டு நாளில் 400 பிரதி எப்படி விற்றது? நான் நினைப்பது இது: ஒருவர் வாங்கியிருக்கிறார், படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்திருக்கிறார், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆயா கேட்டதைப் போல.

பெயரைப் பாருங்கள். எந்தச் சொல்லால் தாழ்த்தினார்களோ அதையே பத்திரிகையின் நெற்றியில் எழுதினார். இதை அயோத்திதாசப் பண்டிதர் ஏற்கவில்லை. இருவரும் உறவினர்கள், இரட்டைமலையாரின் சகோதரியை மணந்தவர் பண்டிதர். ஆனாலும் அந்தப் பெயர் நம்முடையது அல்ல, மேலே சுமத்தப்பட்டது என்பதில் பண்டிதர் உறுதியாக இருந்தார். 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை ராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரு வருடம் கழித்து 'தமிழன்' ஆயிற்று. ஒருவர் சாதிப் பெயரை எடுத்துக் கூட்டத்தின் நடுவில் வைக்கிறார். இன்னொருவர் 'தமிழன்' என்ற பெயரே எங்களுடையது, மற்றவர்கள்தான் வந்து சேர வேண்டும் என்கிறார். இவர்களில் யார் சரி என்று இன்றும் நாம் சண்டை போடலாம், போடுகிறோம். உங்கள் நோட்டீஸில் இருக்கும் 'ஊர்' என்ற சொல்லை வைத்துக்கொண்டும் இதே இரண்டு வழியில் யோசிக்கலாம். ஒன்று, சேரி என்று பெயர் சொல்லி ஒரு பக்கம் ஒதுக்குவது. இன்னொன்று, முதல் பக்கத்திலிருந்தே சேரியையும் ஊர் என்றே எழுதுவது. எனக்கு இரண்டாவதில் ஆசை. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது என்ற சந்தேகமும் இருக்கிறது.

பண்டிதரின் தமிழன் என்றால் பௌத்த ஆராய்ச்சி, இந்திரர் தேச சரித்திரம் என்றுதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். இதழைப் பக்கம் பக்கமாகப் பார்த்தால் வேறு ஒரு பத்திரிகையும் அதற்குள் இருக்கிறது. பொதுச் செய்திகள் இருக்கின்றன, மழை பற்றி இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது, வாசகர் கேள்விகளும் பதில்களும் இருக்கின்றன. சித்த மருத்துவர் அல்லவா அவர். கோலார் தங்கவயலிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும் பகுதியினர் யார்? வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போனவர்கள். உங்களில் சிலருடைய கொள்ளுத் தாத்தாவும் இருக்கக்கூடும், வீட்டில் கேட்டுப் பாருங்கள். 1914 மே மாதம் பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் நடத்திப் பார்த்தார், நின்றுவிட்டது. 1920களில் அதே பெயரில் மீண்டும் வந்தது. எங்கிருந்து? தங்கவயலிலிருந்து. ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். ஆசிரியர் போன பிறகும் வாசகர்கள் பத்திரிகையை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். பெரிய முதலாளி வைத்து நடத்தும் எந்தப் பத்திரிகைக்கு இந்த யோகம் உண்டு?

அம்பேத்கரைச் சொல்லாமல் விட முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1920 ஜனவரி 31, மூக்நாயக். சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். பத்திரிகை வருகிறது என்று ஒரு விளம்பரம் கொடுக்கப் போனார்கள், காசு கொடுத்து. திலகர் தொடங்கிய கேசரி அதைப் போட மறுத்துவிட்டது. மூக்நாயக் நீண்ட நாள் ஓடவில்லை. 1927இல் பகிஷ்கிருத் பாரத். அதில் பெரும் பகுதியை அம்பேத்கர் தானே எழுத வேண்டியிருந்தது. அதுவும் பணம் இல்லாமல் நின்றது. உலகப் பல்கலைக்கழகங்களில் படித்து வந்த மனிதருக்கே இந்தக் கதி. ஆகவே உங்கள் பத்திரிகை இரண்டு வருடத்தில் நின்றுபோனால் வெட்கப்பட வேண்டாம், அடுத்ததைத் தொடங்குங்கள்.

ஆனால் தனி ஒருவர் எழுதும் பத்திரிகையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். இதற்கு நம் காலத்து உதாரணம் உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. சித்ரகூட் மாவட்டம். 2002இல் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை தொடங்கப்பட்டது. செய்தி அலைகள் என்று பொருள். டெல்லியைச் சேர்ந்த நிரந்தர் என்ற பெண்கள் கல்வி அமைப்பு உதவியது. எழுதியவர்கள் தலித், பழங்குடி, முஸ்லிம், பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்கள். சிலர் வளர்ந்த பிறகு எழுத்தறிவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்கள். மொழி, இந்தி நாளிதழ்களின் இந்தி இல்லை, அந்தப் பகுதி மக்கள் பேசும் புந்தேலி. இவர்களே செய்தி எடுத்தார்கள், எழுதினார்கள், கட்டித் தூக்கிக்கொண்டு பேருந்திலும் நடையிலும் போய் விற்றார்கள். அடி பம்பு வேலை செய்யவில்லை, ரேஷன் கடை திறக்கவில்லை, சாலை போட்டதாகக் கணக்கு இருக்கிறது, சாலை இல்லை. இந்த மாதிரிச் செய்திகள்தான். 2009இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவு விருது கிடைத்தது. பிறகு காணொளிக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' என்ற ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. அந்த நேரத்தில் இந்தப் பெண்கள் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உலகமே கைதட்டிக்கொண்டிருக்கும்போது, எங்கள் வேலையைப் படம் முழுமையாகக் காட்டவில்லை என்று அறிக்கை விட்டார்கள். தங்களைப் பற்றிய செய்தியையும் திருத்துகிறவர்கள்தான் பத்திரிகையாளர்கள்.

அந்தப் பெண்கள் பட்ட பாடும் சொல்ல வேண்டும். 2015இல் ஓர் ஆள் மாதக்கணக்கில் அவர்களுக்குப் போன் போட்டு ஆபாசமாகப் பேசி மிரட்டிக்கொண்டிருந்தான். போலீஸுக்கு நடையாய் நடந்தார்கள். அவர்களே இணையத்தில் எழுதி, அது நாடு முழுக்கப் பரவிய பிறகுதான் போலீஸ் அசைந்தது. இந்த அறையில் பெண்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். ஆண்கள் பதினாறு பேர். இதை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே பார்க்கிறீர்கள்.

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். திருவண்ணாமலை என்றால் நாளிதழ்களுக்குப் பௌர்ணமி, கிரிவலம், தீபம். எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று மாதா மாதம் எண்ணிப் போடுகிறார்கள். அந்த லட்சம் பேர் போன பிறகு, விடியற்காலையில் பதினான்கு கிலோமீட்டர் பாதையைப் பெருக்குகிறவர்களுக்கு என்ன கூலி, நேரடியாக வருகிறதா, ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறதா? இது ஒரு முழுப் பக்கச் செய்தி, எழுதப்படாமல் கிடக்கிறது.

2023 ஜனவரி 30. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தார்கள், ஆட்சியரும் போலீஸும் கூட நிற்க. எல்லாத் தொலைக்காட்சியும் வந்தது. அதே வருடம் ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயில். செல்லங்குப்பத்து விஷயம் வெளியே வந்த விதத்தைக் கவனியுங்கள். ஒரே பள்ளியில் படித்த இரண்டு இளைஞர்கள், ஒருவர் தலித், ஒருவர் வன்னியர். இருவரும் சென்னையில் வேலை செய்கிறவர்கள். கோயிலுக்குள் போகும் உரிமை பற்றி அவர்களுக்குள் சண்டை வருகிறது. சமூக ஊடகத்தில் ஒரு பதிவு. அது சொந்த ஊரில் மோதலாகிறது, அதன் பிறகு அதிகாரிகள் வருகிறார்கள், கதவு திறக்கிறது. அந்தக் கதவு மூடிக் கிடந்த வருடமெல்லாம் நாளிதழ்கள் அந்த ஊருக்கு வந்துகொண்டுதானே இருந்தன? டீக்கடையில் தினமும் விரித்து வைத்திருந்தார்களே? மூடிய கதவு ஒரு செய்தி என்று யாருக்கும் தோன்றவில்லை. திறந்த நாள் மட்டும் செய்தி ஆயிற்று.

உங்கள் பத்திரிகைக்கு இருக்கும் வேலை அந்த மீதி 364 நாள். போலீஸ் வண்டி போன பிறகு என்ன ஆயிற்று? கோயிலுக்குள் போனவர்களுக்கு அடுத்த அறுவடையில் வேலை கொடுத்தார்களா? பால் ஊற்றும் இடத்தில் பாலை வாங்கினார்களா? மளிகைக் கடையில் கடன் நின்றதா? இதையெல்லாம் சென்னையிலிருந்து வருகிற எந்த நிருபரும் எழுத முடியாது, அவர் மாலை வண்டிக்குத் திரும்ப வேண்டும். நீங்கள் எழுதலாம். நீங்கள் அங்கேயே இருக்கப் போகிறவர்கள். அதுதான் உங்கள் பலம், அதுதான் உங்களுக்கு ஆபத்தும். எழுதப்பட்டவரை மறுநாள் காலையில் பேருந்து நிலையத்தில் பார்த்தாக வேண்டும்.

ஆபத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். 2024 ஜனவரியில் பல்லடத்தில் ஒரு தொலைக்காட்சி நிருபரை வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்னால், ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று அவர் போலீஸுக்கு மீண்டும் மீண்டும் போன் செய்துகொண்டிருந்தார். 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் முகேஷ் சந்திராகரின் உடல் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் கிடைத்தது. சாலை ஒப்பந்தத்தில் நடந்த ஊழல் பற்றிய செய்தியில் பங்கு கொண்டவர். இவர்கள் யாரும் தலைநகரத்து ஆசிரியர்கள் இல்லை. சிறிய ஊர்க்காரர்கள். ஆகவே வீரம் பேசாதீர்கள். சிக்கலான செய்திக்கு எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். எங்கே போகிறீர்கள் என்பது மூன்றாவது ஆளுக்குத் தெரிந்திருக்கட்டும். குறிப்பேட்டைக் கிழித்துப் போடாதீர்கள், தேதி போட்டு வையுங்கள். மனுக்களின் நகல், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில், எல்லாம் ஒரு கோப்பில். வன்கொடுமைக்கு ஆளானவர் பெயரைப் போடுவதா என்பதை அவரிடமே கேளுங்கள். எங்கள் ஆயா பெயர் கேட்டாள். இன்னொரு வீட்டில் பெயர் வேண்டாம் என்பார்கள். இரண்டும் நியாயம்தான். பாலியல் வன்முறை என்றாலும், குழந்தைகள் பாதிக்கப்பட்டாலும், பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் சட்டப்படி குற்றம். அதில் நமக்குத் தேர்வே கிடையாது.

அப்புறம் ஏன் அச்சு, வாட்ஸ்அப் போதாதா என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. இந்தப் பேரூராட்சியில் எத்தனை வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன? வார்டுக்கு ஒன்று, சாதிக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. நம் செய்தியை ஊர்க் குழுவில் போட்டால் அட்மின் நீக்கிவிடுவார். நம் குழுவில் போட்டால் நமக்குள்ளேயே சுற்றும். அச்சுத்தாளை நீக்க முடியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது மனுவோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுக்கலாம். அறுபது வருடம் கழித்து என்னைப் போல ஒருவன் நூலகத்தில் எடுத்துப் பார்க்கலாம். தாளின் அடியில் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் என்று பெயர்கள் இருக்கின்றன பாருங்கள், அதற்குக் கூட ஒரு மரியாதை உண்டு. சொன்னதற்கு யார் பொறுப்பு என்று தெரிகிறது.

அந்த அடிவரி பற்றி ஓர் எச்சரிக்கை. இரட்டைமலையார் காலத்துக்கும் முந்தைய 1867ஆம் வருடத்துச் சட்டம்தான் சமீபம் வரை பத்திரிகைப் பதிவுக்கு இருந்தது. 2024 மார்ச் 1 முதல் புதிய சட்டம். மாஜிஸ்திரேட் முன்னால் போய் உறுதிமொழி கொடுக்கும் பழைய முறை போய், தலைப்புக்கும் பதிவுக்கும் இணையத்தில் விண்ணப்பிக்கும் முறை வந்திருக்கிறது. பொதுச் செய்தியைக் குறித்த இடைவெளியில் அச்சிட்டு வெளியிட்டால் பதிவு வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஒரு பெரிய நிறுவனத்துக்கு அது ஒரு நாள் விளம்பரக் காசு. நமக்கு வீடு. ஆகவே முதல் இதழுக்கு முன்னால் பதிவு. வெளியிடுபவர் என்று யார் பெயரைப் போடப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பியின் பெயரை உற்சாகத்தில் போட்டுவிடாதீர்கள், வழக்கு வந்தால் அவன் வாழ்க்கை. பயந்துகொண்டு ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கௌரவ ஆசிரியராக உட்கார வைக்கவும் வேண்டாம். முதல் இதழிலேயே எதை எழுதக்கூடாது என்று அவர் சொல்லிவிடுவார், மிகவும் அன்பாகச் சொல்வார்.

காசு விஷயம். விளம்பரம் வாங்காமல் நடத்த முடியாது, தெரியும். எந்த விளம்பரத்தை வாங்க மாட்டோம் என்பதை இப்போதே எழுதி வையுங்கள், பசி வந்த பிறகு எழுத முடியாது. சாதிச் சங்க மாநாட்டு வாழ்த்து வரும், நல்ல காசு கொடுப்பார்கள். சாதிப் பெயரோடு கண்ணீர் அஞ்சலி வரும். இறந்த வீட்டில் போய்ச் சாதிப் பெயரை எடுக்கச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் விதி முன்பே அச்சில் இருந்தால் சங்கடம் குறையும். வரன் தேவை விளம்பரம் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களின் படத்தைப் போடலாமே என்று யாரோ அங்கே சொல்கிறீர்கள். போடலாம், அவர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். தமிழ்நாட்டில் அது வெறும் வாழ்த்துச் செய்தி இல்லை.

கடைசியாக, நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேரியைச் சேர்த்துவிட்டால் ஊர் முழுமையாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. சேரிக்கும் ஓர் ஓரம் இருக்கிறது. ஏரிக்கரையில் இருளர் குடிசைகள். சாதிச் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் நடப்பவர்கள் அவர்கள். முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விடுவதால் வாக்காளர் பட்டியலில்கூடப் பாதிப் பேர் நிற்பதில்லை. நம் தெருவுக்கே துணி வெளுத்த புதிரை வண்ணார் வீடு ஒன்று எங்கேயாவது தனியாக இருக்கும். அவர்களுக்கு நம் தெருதான் ஊர். அவர்களும் 'போய்விட்டு வருகிறார்கள்'. நம் பத்திரிகையின் ஊர் நம் தெருவோடு முடிந்துவிட்டால், நம்மை மறித்தவர்களிடம் நாம் என்ன கேட்க முடியும்?

நடைமுறையாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஆசிரியர் குழுக் கூட்டம் எங்கே என்று கேட்டேன். பஜாரில் ஒரு கடை மாடி, மாலை ஐந்து மணி என்றார்கள். மாலை ஐந்துக்குக் களையெடுக்கப் போன பெண்கள் வீடு திரும்பி அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் கடை மாடிக்கு அவர்கள் இதுவரை ஏறியதும் இல்லை. செங்கல் சூளையிலிருந்து திரும்பியவர் ஏறுவாரா? கூட்டத்தை ஏரிக்கரையில் ஒன்று வையுங்கள், சேரியில் ஒன்று வையுங்கள், மூன்றாவதைப் பஜாரில் வையுங்கள். இரவு எட்டு மணிக்கு வையுங்கள். போன இதழை அங்கே உரக்கப் படியுங்கள். யாருடைய பெயர் விட்டுப் போயிருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் அந்தத் திருத்தம் வரட்டும்.

ஏரிக்கரைக் கூட்டத்துக்குத் தேதி குறித்தால் சொல்லுங்கள், செஞ்சி பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.